பெட்டியில் மட்டும் இருக்கும் பாலம்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். யூனிஃபார்ம் துவைத்தாயிற்று. பயாலஜி ரெக்கார்டு பாக்கி.

நைனா ஓட்டும் டிராவல்ஸ் காரில் ஓனர் ஜி.பி.எஸ். வழிகாட்டும் பெட்டி மாட்டி ஒரு வாரம். நேற்று சித்தூரிலிருந்து புத்தூருக்கு ட்ரிப். கார்வேட்டிநகரம் தாண்டிக் குறுக்கு ரோட்டில் போகச் சொன்னது பெட்டி. அங்கே ஓடைப் பாலம் பாதி கட்டி நிற்கிறது, அதற்கு மேல் வெறும் ஆகாசம். நைனா சுற்றிப் போனார். கிலோமீட்டர் எல்லாம் பெட்டியில் பதிவாகுமாம். மற்ற டிரைவர்கள் எதிரில் ஓனர் கேட்டது: "ஏமய்யா, சொந்த வேலையா எங்க சுத்திகினு வந்த?"

பாலத்தைப் பற்றிச் சொன்னாராம். ஓனர் நம்பவில்லை. இன்னொரு தடவை பெட்டியை மீறினால் வேலை இல்லையாம்.

நைனா ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். குடை ரிப்பேர்.

அக்கா சென்னையில் கம்ப்யூட்டரில் ரோடு மேப் போடும் கம்பெனியில் இருக்கிறாள். போனில் கேட்டேன். எங்கள் ஜில்லா மேப் அவள் ஆபீஸ் போட்டதுதானாம்.

அவர்கள் ஃபைலில் அந்தப் பாலம் 'கட்டுமானத்தில்' என்றே இருக்கிறது. ஒரு கம்பெனி மேப்பை இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்க ஒரு ஸ்டாண்டர்டு உண்டாம், எந்தத் தகவலை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று.

"புது ஸ்டாண்டர்டுல 'கட்டுமானத்தில்'னு போடக் கட்டம் இருக்குது. பொட்டிக்காரங்க வாங்கறது பழசு. அதுல ரோடு இருக்கா இல்லையா, அவ்ளோதான். கட்டம் இல்லாதத வுட்டுட்டு, ரோடுன்னே அனுப்பணும்."

அனுப்பியது யார்? இவள் டீம்.

இதை அப்படியே ஓனருக்கு எழுதிக் கொடு என்றேன். "இன்னும் வேலைய பர்மனன்ட் பண்ணலடி. ஆபீஸ் விஷயத்த வெளிய எழுதினா என்னை அனுப்பிடுவாங்க."

பட்டென்று வைத்துவிட்டேன்.

கோபம், வரிசையாக:
1. ஓனர்
2. அக்கா
3. பழைய ஸ்டாண்டர்டே போதும் என்றவர், யாரோ
4. நைனா. ஏன் எதிர்த்துப் பேசுவதில்லை?

ஜூலை 9, புதன்

வெயில். கணக்கு டெஸ்ட் சுமார்.

ஸ்கூல் விட்டதும் ஓனர் ஆபீஸ். பாலத்தை அளவோடு வரைந்து, அக்கா பெயர் வராமல், பெட்டி ஏன் தப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். படிக்கவில்லை. "பாகா வேசாவம்மா," என்றார். நன்றாக வரைந்தேனாம். டீ கிளாஸை அதன் மேலேயே வைத்தார். பாலத்தின் மேல் வட்டக் கறை.

நைனாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் நல்ல மழை. ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாயிற்று.

நைனா நாலு மணிக்கே வீட்டில். நனைந்து. தானே தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னது:

இன்று ஓனருக்கே புத்தூரில் வேலை. பின்சீட்டில் அவர். நைனா பெட்டி சொன்னபடியே ஓட்டினார். பாலம் முடியும் இடத்துக்கு நாலடி முன்னால் பிரேக். பெட்டி இன்னும் நேராகப் போகச் சொல்கிறது. ஓனர் இறங்கிப் பார்த்தார், திரும்பி ஏறினார்.

"நீ எங்கயோ திருப்பத்த வுட்டுட்ட. மிஷின் தப்பு சொல்லாது."

நைனா சாவியைப் பெட்டி மேல் வைத்துவிட்டு இறங்கி நடந்திருக்கிறார். மெயின் ரோட்டில் பஸ்.

"அப்போ ஓனர்?"

"அங்கதான் இருக்காரு. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

ரசம் கேட்டார். ஊற்றினேன்.