என்னை மிஞ்சி ஏலம் கேட்டவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடலில் இருப்பவனிடம் நலமா என்று கேட்டால், பதில் வருவதற்குள் கேள்வியே பழசாகிவிடுகிறது. அதனால் நீ நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன், அதிலேயே ஏறி இறங்கினால் என்ன? பழுது பார்த்தவனுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் படியேறுகிறார்.

இனி வீட்டு விஷயம். அண்ணன் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. அப்பா விட்டுப்போன வீட்டில் நம் மூவருக்கும் சம பங்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதை மூன்றாக வெட்ட முடியாதாம். நீதிமன்றத்திலிருந்து ஒருவர் வந்து டேப்பை இழுத்து அளந்து பார்த்தார். எப்படிக் கோடு போட்டாலும் மாடிப்படி ஒருவர் பங்கிலும், குழாய் இன்னொருவர் பங்கிலும், கழிப்பறை அண்ணன் பங்கிலும் விழுகிறது. அவசரத்துக்கு நாம் அண்ணனுக்கு மனுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அளந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே மொத்தமாக ஏலத்தில் விற்று, வருவதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கதவில் அறிவிப்பும் ஒட்டியாயிற்று.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். தன் பங்கை அவன் கேட்டதில் தப்பே இல்லை. கேட்ட விதம்தான் பொறுக்கவில்லை. மூன்று தெரு தள்ளி இருப்பவன், ஒரு நாள் வந்து உட்கார்ந்து, எனக்குப் பணமுடை, என் பங்கைக் கொடு என்று வாய் திறந்திருக்கலாம். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் அவனுக்குப் பணமுடை என்பதே எனக்குத் தெரியும்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்துபோகிறார்கள். எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் மத்தியானம்தான் வருகிறார்கள். நான் பகலில் பார்த்துக்கொள்கிற காப்பகத்துப் பிள்ளைகள் முன்கூடத்தில் வரிசையாகத் தூங்குகிற நேரம் அது. நேற்று ஒரு தரகர் செருப்போடு உள்ளே வந்து ரப்பர் வாத்தின் மேல் கால் வைத்தார். அது போட்ட சத்தத்தில் ஒரு பிள்ளை எழுந்து அழ, மற்றவை எல்லாம் கூடச் சேர்ந்துகொண்டன. "எல்லாம் உங்க பிள்ளைங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம், வீட்டோடு சேர்த்துத்தான் ஏலம் என்றேன். போனவர் திரும்பி வரவில்லை.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, ராத்திரியில் தூக்கம் இல்லை. இந்தக் கூடம் போனால் என் காப்பகம் போச்சு. பிள்ளைகள் சத்தம் என்றதும் எந்த வீட்டுக்காரரும் இடம் தரமாட்டேன் என்கிறார். கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டேன். அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நானே ஏலம் கேட்கப் போகிறேன். பங்குதாரரும் கேட்கலாமாம். என் பங்கு, நான் சேர்த்தது, அத்தான் சேர்த்தது எல்லாவற்றையும் கூட்டினால் எதுவரை போக முடியும் என்பதைக் கடைசியில் ஓரமாக எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு ரூபாயும் என்னால் ஆகாது. இது அத்தானுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணன் காதில் விழுந்தால் அண்ணி வழியாக ஊருக்கே போய்விடும். வாசித்ததும் கிழித்துவிடு.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

என்னை மிஞ்சி ஏலம் கேட்டவருக்கு,

உங்கள் வீட்டில் தற்சமயம் குடியிருப்பவள் எழுதிக்கொள்வது.

ஏலம் முடிந்துவிட்டது. உங்களுக்கு அது தெரிந்திருக்கும். என்றாலும் நேரில் பார்த்தவள் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன், எடுத்த வீடு எப்படிக் கைக்கு வந்தது என்று சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா முந்தின நாள் ஒரு யோசனை சொன்னார். "குடியிருக்கிற அம்மாவே கேக்குறாங்கன்னு தெரிஞ்சா தரகருங்க சும்மா விடமாட்டாங்க. ஏத்திவிட்டு வேடிக்கை பாப்பாங்க. வேற யாரையாவது கேக்க விடுங்க" என்றார். யாருக்காகக் கேட்கிறோம் என்பதை முடிந்த பிறகு சொன்னால் போதுமாம். அத்தானோடு வேலை செய்யும் வயர்மேனிடம் அதிகாரக் கடிதம் கொடுத்து முன்னால் உட்காரவைத்தேன். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால். நான் எழுந்து நின்றால் அவர் நிறுத்திவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. மனுஷன் ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும் முன்னும் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைப் பார்த்தார். நல்ல வேளை, பார்த்தவர்கள் சுளுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

ஏல அதிகாரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. மின்விசிறி வேறு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தரகர்கள் ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டமாகக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எனக்கு நெஞ்சில் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போதுதான் நடு வரிசையில் ஒரு பெரியவர் குடையைத் தூக்கினார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை, யாரையோ தேடுவதுபோல் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயர்மேன் கை தூக்கினால் இவர் குடை தூக்கினார். கை, குடை, கை, குடை. கடைசியில் வயர்மேன் என் எல்லைத் தொகையைத் தொட்டுவிட்டார். ஒரு தரம் என்றார் அதிகாரி. இரண்டு தரம் என்றார். அந்த இடைவெளியில் கூடத்துக்கு என்ன வண்ணம் அடிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். குடை மறுபடி மேலே போயிற்று.

நான் எழுந்து நின்றேன். மூன்று தரம் சொல்லியாயிற்று.

யார் பெயருக்கு என்று கேட்டதற்கு, பெரியவர் பையிலிருந்து பவர் பத்திரத்தை எடுத்து வாசித்தார். உங்கள் பெயர், நம் அப்பா பெயர், கப்பல் கம்பெனி விலாசம். முதலில் என் காதில்தான் தப்பாக விழுந்தது என்று நினைத்தேன். முன் வரிசையில் இருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தான். "என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணீங்களா?" என்று கேட்டான். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னால் எதுவரை முடியும் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதற்குச் சரியாக ஒரு படி மேலே உங்கள் குடை நின்றது. நான் அத்தானைச் சந்தேகப்படட்டுமா?

மறுநாள் அந்தப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்திருப்பார். பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று கதவைச் சாத்திவிட்டேன். சொந்தக்காரரின் ஆளை அப்படிச் செய்தது தவறு என்றால் மன்னிக்கவும்.

என்றைக்குக் காலி செய்ய வேண்டும் என்று தெரிவித்தால் நல்லது. பெற்றோர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேறு காப்பகம் தேட அவர்களுக்கும் அவகாசம் வேண்டும். மாடிக் குழாய் ஒழுகுகிறது. அது இனி உங்கள் செலவு.

வயிறு எரிகிறது என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்தாலும் எரிச்சல் அடங்கவில்லை.

இப்படிக்கு,
குடியிருப்பவள்

பின்குறிப்பு: அந்தப் பக்கம் குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு மேல்தளத்துக்குப் போகவும். இதைச் சொல்வது குடியிருப்பவள் அல்ல.

*

என் தம்பிக்கு,

கழுதைக்கு என்றுதான் ஆரம்பிக்க வந்தது. நான் உனக்கு எழுதிய இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அந்தப் பட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் விட்டுவிட்டேன். அந்தக் கடிதம் இன்னும் உன் கைக்கு வந்திருக்காவிட்டால் பிரிக்காமலே கடலில் போடு. வந்திருந்தால், அதில் பின்குறிப்பை மட்டும் வைத்துக்கொள்.

ஏலத்துக்கு முன்னாலேயே நீ போட்ட கடிதம் எந்தெந்தத் துறைமுகமெல்லாம் சுற்றியதோ, நேற்றுத்தான் வந்தது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாசித்தேன். வாசித்துவிட்டு அழுதேன். சத்தம் போடாமல் அழத்தான் பார்த்தேன், ஒரு வாண்டு விழித்துக்கொண்டு, "டீச்சர், உங்க அம்மா எப்ப வந்து கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டது. அதற்குப் பிறகு எங்கே அடக்குவது?

சாயங்காலம் அத்தானை அனுப்பிப் பெரியவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். உன்னோடு வேலை செய்யும் பையனின் அப்பாவாமே, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கதவைச் சாத்தியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானாகத்தான் மன்னிப்புக் கேட்டேன். நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தார். அக்கா வந்து உட்கார்ந்திருப்பாள், அவள் கை தூக்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் நீங்கள் தூக்காதீர்கள், அவள் நிறுத்திவிட்டால் அதற்கு அப்புறம் யாருக்கும் விடாதீர்கள். அவரும் கூட்டம் முழுக்கத் தேடியிருக்கிறார். கை தூக்குகிற பெண் யாருமே கண்ணில் படவில்லை. அக்கா வரவில்லை போலிருக்கிறது, இனி நம் பொறுப்பு என்று முடிவுகட்டிவிட்டார். "அந்தக் கழுத்துச் சுளுக்குக்காரன் எவனோ பெரிய தரகரோட ஆளுன்னு நெனச்சேம்மா. உயிரே போனாலும் அவனுக்கு விடக்கூடாதுன்னு வைராக்கியமா நின்னேன்" என்றார். அத்தானோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயர்மேன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அவருடைய குடை என் எல்லைக்கு ஒரு படி மேலே நின்றது, நான் அங்கே நின்றுவிட்டதால்தான். எத்தனை சுலபமான கணக்கு! கோபத்தில் இருப்பவளுக்கு அது எங்கே தோன்றும்? உன்னைப் போய் அப்படி நினைத்துவிட்டேனே என்று இருக்கிறது.

ஆக, உன் காசும் என் காசும்தான் அங்கே மல்லுக்கு நின்றிருக்கின்றன. ஏறிய ஏற்றத்தில் கொழுத்தது அண்ணன் பங்கு. அவன் நேற்றைக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தான். வழக்குப் போட்ட பிறகு அவன் இந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. "ஏதோ என்னால உங்களுக்குத் தொந்தரவு" என்று இழுத்தான். தொந்தரவு இல்லை, உனக்கு லாபம் என்றேன். சிரித்துவிட்டான், நானும் சிரித்துவிட்டேன். டீ கொடுக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன், கொடுத்தேன். சர்க்கரை மட்டும் குறைவாகப் போட்டேன்.

முன்கூட்டிச் சொன்னால் அக்கா வேண்டாம் என்பாள், அதனால்தான் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நிஜம்தான், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நானும் வயர்மேன் விஷயத்தை உனக்குச் சொல்லவில்லை. நம் வீட்டில் பிறந்த யாருக்குமே நேரில் வந்து பேசத் தெரியவில்லையடா. அண்ணன் வக்கீலை அனுப்பினான். நான் வயர்மேனை அனுப்பினேன். நீ குடைக்காரரை அனுப்பினாய்.

இப்போது உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். வீடு என் பெயரில் விழுந்தால் அதை அக்கா பெயருக்கே எழுதிவிடுகிறேன், அம்மாவும் போன பிறகு நான் அங்கே வந்து என்ன ஆகப்போகிறது, பவர் பத்திரம் அனுப்புகிறேன், நீயே பதிவு செய்துகொள் என்கிறாய். பெரிய மனசு. ஆனால் எனக்கு வேண்டாம். ஏலத்துக்கு வைத்திருந்த பணம் என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன், வீடு இருவர் பெயரிலும் இருக்கட்டும். என்னை யாரும் இங்கிருந்து போகச் சொல்ல முடியாது என்பதற்கு எனக்கு அது போதும். மாடி உனக்கு. ஒழுகும் குழாயை அத்தான் சரி செய்துவிட்டார், நான்கு முறை.

அம்மா போனபோது நீ நடுக்கடலில் இருந்தாய். எப்படி வந்திருக்க முடியும்? அதற்காக இங்கே யாரும் உன்னை ஒரு சொல் சொன்னதில்லை, அண்ணன்கூட. நீயாகத்தான் அதற்கப்புறம் வராமலே இருந்துவிட்டாய். ஒவ்வொரு ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறாய். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

இன்று காலை பத்திரம் எழுதுபவரைப் போய்ப் பார்த்தேன். இருவர் பெயருக்கும் மாற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தம்பி கப்பலில் இருக்கிறான் என்றேன். "அவரு வரணும்னு அவசியமே இல்லைம்மா. பவர் அனுப்பினா போதும், யார் வேணாலும் அவருக்காகக் கையெழுத்து போடலாம்" என்றார்.

போதாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பத்திரமாக இரு. உனக்கு ஒரு குறையும் வராது. பவர் பத்திரம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்
அக்கா