ரேக் அறையில் ஆண்டனி

ஜூன் 9, திங்கள்

மழை. பெங்களூர் அல்சூரில் மெட்ரோ ஏறும்போதே செருப்பு நனைந்துவிட்டது.

இந்த டீமுக்கு லீடாக வந்து மூன்று மாதம். மருத்துவமனைகளின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் எங்கள் சர்வர்களில்தான் இருக்கின்றன. திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று டாக்டர்கள் புகார். அதனால் ஒவ்வொரு சர்வராக மெமரியைக் கூட்டுகிறோம். அது ஆண்டனியின் வேலை. தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறவர். என்னைவிட மூத்தவர், இங்கே பழைய ஆள்.

முதல் சர்வரை நேற்றுத் திறந்தோம். கேட்டில் கையெழுத்து கேட்கிறார்கள் என்று என்னை அனுப்பினார். போனால் யாரும் கேட்கவில்லை. திரும்புவதற்குள் மூடியைப் போட்டுவிட்டார். ஆன் செய்ததும் மெமரி குறைவாகக் காட்டியது. மறுபடி திறக்க வேண்டும். உடனே எனக்கு இன்னொரு வேலை, ஸ்க்ரூடிரைவர் எடுத்துவர. வந்து பார்த்தால் சரியாகிவிட்டது.

எதற்கு இந்த அலைக்கழிப்பு?

ஜூன் 11, புதன்

செக்யூரிட்டி கிருஷ்ணப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தான் சர்வர்கள் அடுக்கியிருக்கும் ரேக் அறைக்குள் இருக்கும்போது யாரையும் விடாதே என்று ஆண்டனி சொல்லி வைத்திருக்கிறாராம். பல மாதமாகவே.

புது மெமரி ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு பழையதைச் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும்? எஸ்.பி. ரோட்டு பழைய பார்ட்ஸ் கடைகளில் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

இப்படி நினைப்பதே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் நினைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது சர்வர். இன்று கூடவே நிற்பேன் என்று சொன்னேன். ஆண்டனிக்கு முகம் மாறிவிட்டது.

"பக்கத்துல ஆள் நின்னா எனக்கு வேலை ஓடாது மேடம். நீங்க வெளிய இருங்க."

கண்ணாடிக் கதவு வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. இவ்வளவு நேரம் என்ன செய்கிறார்? வெளியே வந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஸ்வெட்டர் போட்டும் நான் நடுங்குகிற அறை அது. அங்கே ஒருத்தருக்கு ஏன் வேர்க்கணும்? திருட்டுப் பயம்தானே?

அவர் கைகழுவப் போனபோது அவருடைய பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொடவில்லை. தொட்டிருப்பேன் - கிருஷ்ணப்பா வந்துவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

மேனேஜர் வெங்கடராமனிடம் சொல்லிவிட்டேன். திருட்டு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். நான் மறுக்கவும் இல்லை.

கேமரா பதிவைக் கேட்டிருக்கிறார்.

ஜூன் 18, புதன்

பார்த்தோம்.

ஆண்டனி ஸ்டிக்கை அது செருகும் ஸ்லாட்டுக்கு நேராகக் கொண்டுபோகிறார். வலது கை ஆடுகிறது. லேசாக இல்லை. ஸ்டிக் விலகிப் போய் ஓரத்தில் இடிக்கிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி. மறுபடி. ஒருவழியாக உள்ளே இறங்கினால் ஒரு பக்கத்துக் கிளிப்தான் மூடுகிறது. அதனால்தான் மெமரி குறைவாகக் காட்டியிருக்கிறது. நெற்றியைத் தோளில் துடைத்துக்கொள்கிறார்.

வெங்கடராமன் பதிவை வேகமாக ஓட்டினார். அவர் கண் பையிலும் பாக்கெட்டிலும்தான். "ஒண்ணும் எடுக்கலியே. விடுங்க மைதிலி" என்று மூடிவிட்டார். அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லாததும் தப்புதானே? அரைகுறையாக உட்கார்ந்த ஸ்டிக், யாரோ ஐ.சி.யூ.வில் இருக்கும் நேரத்தில் சர்வரைப் படுக்க வைத்தால்?

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது சர்வர். அவருக்கு முன்னால் நான் உள்ளே போய் நிலைமின்சாரம் தாக்காமல் இருக்கப் போடும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொண்டேன். நான் போடுகிறேன், நீங்கள் ஸ்லாட் எண்ணைப் படியுங்கள் என்றேன்.

அவர் அசையவில்லை. "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. கேமரால பார்த்தேன்."

"கேமரா எதுக்குப் பார்த்தீங்க?"

மணிக்கட்டில் ஸ்ட்ராப்பை இன்னும் இறுக்கினேன்.

"திருடுறேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, "ஏ ஒண்ணு. இடது ஓரம், வெள்ளைக் கிளிப்" என்றார். நான் அழுத்தினேன். இரண்டு பக்கமும் கிளிப் விழுந்தது. கடைசி ஸ்லாட் வரை எண்களை மட்டும் படித்தார்.

முதல் தடவையிலேயே முழு மெமரியும் காட்டியது. யாருக்கும் சந்தோஷமில்லை.

ஜூன் 25, புதன்

அவராகவே வந்து சொன்னார். கை நடுக்கம் போன வருடம் ஆரம்பித்ததாம். மனைவி நோராவுக்கு மட்டும் தெரியும். டாக்டரிடம் போனால் வியாதிக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்று போகவில்லையாம்.

எழுந்து போகும்போது, "எங்கிட்டயே கேட்டிருக்கலாம் நீங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை.

கேட்டிருக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

ஆண்டனி நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே வெங்கடராமன் அறைக்குப் போய்க் கை நடுக்கத்தைச் சொல்லிவிட்டார். முதல் இரண்டு சர்வர்களையும் மறுபடி திறந்து பார்க்கச் சொன்னவரும் ஆண்டனியேதான்.

ஜூலை 6, ஞாயிறு

திறந்து பார்த்தேன். ஒன்றில் ஒரு கிளிப் பாதியில் நின்றிருந்தது. அழுத்தினேன்.

ஜூலை 21, திங்கள்

ஆண்டனி மேல்மாடியில் பிளானிங் டீமுக்கு மாறி ஒரு வாரம் ஆகிறது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. என் டீமில் தொடர விருப்பமா என்று கேட்டார்களாம். இல்லை என்றாராம்.

மதியம் கேன்டீனில் கூட்டம். அவர் டீயோடு உட்கார்ந்திருந்தார். டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி மேசையில் சிந்தியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மறைக்கவில்லை.

நான் தட்டோடு இடம் தேடி நிற்பதைப் பார்த்தார். எதிர் நாற்காலியைக் காலால் கொஞ்சம் வெளியே தள்ளினார்.