படம் பிடிக்க வந்த பந்து

நேற்று பட்டா விஷயமாக யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தேன். நடைச் சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களுக்கு நடுவே நீ நின்றிருந்தாய். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் வாலிபால், பின்னால் நாங்கள். கீழே 'மலைக் கிராம இளைஞர் மன்றத்துக்கு மானிய உதவி' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற இளம் குமாஸ்தா, "அந்தக் காலத்துலயே மலைக்காரங்களுக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க பாருங்க பெரியவரே" என்றான். நீ உயிரோடு இருந்திருந்தால் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கியிருப்பாய்.

பஞ்சாயத்து யூனியன் வந்த புதிது அது. கிராம சேவகர் சந்தவாசலிலிருந்து நடந்தே மலையேறி வந்து, இளைஞர் மன்றம் கட்ட மானியம் உண்டு என்றார். பாதி சர்க்கார் தரும், மீதிப் பாதி ஊராரின் உடலுழைப்பு. எல்லோரும் தலையாட்டினோம். நீ மட்டும் எழுந்தாய்.

"பாதி நாங்க ஒழைக்கிறோம்னா, கட்டடம் யாருது சார்?"

"உங்களுதுதாம்பா."

"இன்னொரு தபா சொல்லுங்க சார், எல்லாரும் கேக்கட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார்.

கண்ணமங்கலத்தில் மளிகைக் கடையில் வேலை பார்த்தபோது எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நீ. நம் வயதுப் பிள்ளைகளில் வேறு யாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. புளி ஏலத்தில் ஏலக்காரர்கள் நீட்டிய காகிதத்தில் பெருவிரலை வைத்துவிட்டு வந்தோம். எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் உனக்கு அந்தக் கட்டடம் வேண்டியிருந்தது. சாமை விதைப்பைத் தள்ளிப்போட்டு ஓடையிலிருந்து கல் சுமந்தோம். பெண்கள் தண்ணீர் தூக்கினார்கள். வண்டி ஏறாத பாதையில் ஓடுகளைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தோம். எவனாவது உட்கார்ந்தால் நீ கத்துவாய்: "தூக்குடா, இது நம்ம வூடு!"

கூரை முடிந்த வாரமே கதவில் யூனியன் சேர்மனின் பூட்டு தொங்கியது. மலைப் புளியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் அவரேதான். உள்ளே அவருடைய புளி மூட்டைகள். நீ போய்க் கேட்டதற்கு, "வெலை ஏறட்டும், எடுத்துக்கறேன். இப்ப இன்னா அவசரம் ஒனக்கு?" என்றார். நாம் கல் சுமந்த கட்டடத்துக்குள் நம்மாலேயே போக முடியவில்லை.

பிறகு ஒருநாள் பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மூட்டைகளை நம்மையே தூக்க வைத்துப் புதருக்குப் பின்னால் மறைத்தார்கள். இரண்டு ஜீப்புகள் வந்தன. ஒன்றிலிருந்து ரேடியோ, கரும்பலகை, வாலிபால் எல்லாம் இறங்கின. பந்தை உன் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். நீயும் நிஜமாகவே சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

அதிகாரியின் ஜீப் திருப்பத்தில் மறைந்ததும் சேர்மனின் ஆள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றத் தொடங்கினான். உன்னிடம் வந்து கை நீட்டினான்.

"பந்த குடு."

"எதுக்கு? எங்களுக்குன்னுதானே குடுத்தாரு?"

"அது படம் புடிக்கடா. அடுத்த ஊருக்குப் போவணும்."

"அடுத்த ஊருக்கு வேற வாங்கிக்குடுங்க. இத தரமாட்டேன்."

பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு குனிந்தாய். மூன்று பேர் உன் மேல் விழுந்தார்கள். நாங்கள் ஓடிவந்து விலக்குவதற்குள் உன் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. சர்க்கார் சொத்தைத் திருடப் பார்த்தாய் என்று உன்மேலேயே கேஸ் எழுதிக் கீழே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அந்தக் காது கேட்காமல் போயிருந்தது.

வந்ததும் நீ அழவில்லை. "எவனும் சேர்மனோட புளிமரத்துல ஏறக்கூடாது" என்றாய். அவ்வளவுதான். புளி பழுத்தது, உலுக்க ஆளில்லை. கீழேயிருந்து கூலிக்கு ஆள் கூட்டிவந்தார், அவர்களுக்கு மரமேறத் தெரியவில்லை. கடைசியில் சேர்மனே நடந்து வந்து சாவியை உன் காலடியில் எறிந்தார். நீ அதை எடுக்கவில்லை. "கையில குடுங்க" என்றாய். கொடுத்தார்.

கட்டடம் கிடைத்தது. பந்தும் ரேடியோவும் வரவேயில்லை, கொடுத்தாயிற்று என்று கணக்கு முடித்துவிட்டார்கள். நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நீ எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய். காட்டிலாகா வேலைக்கு எழுதிப் போட்டபோது, கேஸ் இருக்கிறது, காது கேட்காது என்று திருப்பி அனுப்பினார்கள். அடித்துப் பறித்த காதையே காரணம் காட்டினார்கள்.

கடைசியில் நீ நோயில் படுத்திருந்தபோது, "போவட்டும் வுடுடா, எல்லாம் பழசு" என்றாய். அந்த ஒரு பேச்சை மட்டும் நான் கேட்கப்போவதில்லை. நீ விட்டாலும் நான் விடமாட்டேன்.

போன மாதம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் என்று சர்க்கார் வண்டி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, "எறக்கி வெச்சிட்டுப் போவீங்களா, படம் புடிச்சிட்டு ஏத்திக்குவீங்களா?" என்று கேட்டேன். கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று சிரித்தார்கள். கடைசிப் பெட்டியும் இறங்கி, வண்டி காலியாக மலையிறங்கும்வரை நான் உட்காரவில்லை.