கையெழுத்துப் போடாத ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குத் தூங்குகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். ஞாயிறன்று எங்கள் பழைய நீராவி ரயிலில் சுற்றுலாக் கூட்டம் நிரம்பி வழிந்தது. கிளம்புமுன் பாய்லரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அன்று ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது.

“சும்மா ஈரம்தாம்மா, சாயங்காலம் பாத்துக்கலாம். கையெழுத்தப் போடு” என்றார் டிரைவர்.

“மாட்டேன் சார். உள்ள விரிசல் இருந்தா?” என்றேன். ரயிலை ரத்து செய்தார்கள். இறங்கியவர்கள் என்னை முறைத்துக்கொண்டே போனார்கள்.

நேற்று பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். விரல் நீளத்துக்கு விரிசல். சரிசெய்ய ஒரு வருடம் ஆகுமாம். இருப்பதோ ஒரே இன்ஜின். பாதையையே மூடிவிடலாமா என்று திங்கட்கிழமை முடிவெடுக்கிறார்கள். மூடினால் பதினெட்டுப் பேருக்கு வேலை போகும், எனக்கும்தான். டிரைவர் இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை. தனியாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்பிவையுங்கள். கூடவே, நான் செய்தது சரியா என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். போனில் சொன்னால் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள் என்றே தோன்றும்.

ஷெட்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்