காலி அட்டைகள்

செவ்வாய், இரவு

இல்லை, சரோஜா பொய் சொல்லவில்லை. நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

நான் நடத்தும் சர்க்கரை நோய் ஆய்வில் நோயாளிகளுக்கு மாத்திரை இலவசம். தீர்ந்த அட்டைகளைத் திருப்பித் தர வேண்டும். சென்னீர்குப்பத்திலிருந்து வரும் சரோஜா ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. எல்லா அட்டையும் காலி. சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. இந்த மருந்து அவரிடம் வேலை செய்யவில்லை என்று அட்டவணையில் எழுதியும்விட்டேன். இன்று, தினம் ஒரு மாத்திரை என்பதை இரண்டு மாத்திரையாகக் கூட்டிச் சீட்டு எழுதும்போது அவர் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு டாக்டரம்மா. இனிமே எங்க ஊட்டுக்காரருக்கு முழுசா குடுக்கலாம்."

பேனா நின்றது. "அவருக்கு எதுக்கு?"

"அவருக்கும் சக்கரதானே? ஒரே ஊட்ல நான் துன்னுகினு, அவரு பாத்துகினு கீறதா? பாதி பாதி."

"அவரை எந்த டாக்டராவது பார்த்தாங்களா?"

"நீதான் என்னப் பாக்கிறியே, அது போதாதா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. இந்த மருந்தைத் தொடங்கும் முன் சோதிக்க வேண்டிய சிறுநீரகம் அந்த மனிதருக்கு எப்படி இருக்கிறதோ தெரியாது. இன்னும் எத்தனை வீடுகளில் பாதி பாதியோ, அதுவும் தெரியாது. ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியருக்கு இன்றிரவுக்குள் அட்டவணை போக வேண்டும். என் முதல் கட்டுரை. விஷயத்தைச் சொன்னால், சரோஜாவின் வரியை எடுத்துவிட்டு மற்றதை அனுப்பு என்பார். எடுத்தால் சரோஜா ஆய்வில் இல்லை; இலவச மாத்திரையும் நின்றுவிடும்.

மாலையே சரோஜாவுக்குப் போன் செய்து, காலையில் கணவரை வெறும் வயிற்றோடு அழைத்து வரச் சொன்னேன். அட்டவணையை அனுப்பவில்லை. ஆய்வில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரே கேள்வியை எழுதினேன்: வீட்டில் இந்த மாத்திரையை வேறு யார் சாப்பிடுகிறார்கள்?