வெள்ளப் பட்டியலில் ஒராள்

கிளென் ஈடன், ஆக்லாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் சுகம்.

இரண்டு மாதம் முன்பு, வெள்ள எச்சரிக்கை அனுப்பவென்று நகரசபையிலிருந்து ஒரு பெண் வீட்டு ஆட்களைப் பதிய வந்தாள். சிநேகிதன் விதுஷனும் என்னோடு இருக்கிறான். ஆனாலும் “நான் ஒராள்தான்” என்றேன். போன் நம்பரும் கொடுக்கவில்லை. சண்டைக் காலத்தில் அப்பாவைத் தேடி வந்தவர்களின் கையிலும் இப்படி ஒரு பட்டியல்தானே இருந்தது.

போன கிழமை மழைக்குத் தெருவில் எல்லாருக்கும் எச்சரிக்கை வந்தது, எங்களுக்கு வரவில்லை. பயப்படாதீர்கள், முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதே பெண் வந்து என்னை வெளியே கூட்டிவந்தாள்.

“வேற ஆக்கள் இல்லைத்தானே?”

இல்லையென்றுதான் வாயில் வந்தது. விதுஷன் இரவு வேலை முடித்து உள்ளே நித்திரை.

“ஒராள் படுத்திருக்கிறான்” என்றேன். அவள் உள்ளே போய் அவனையும் கூட்டிவந்தாள்; ஏசவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அங்கே புயல் பட்டியலுக்கு ஊர் அலுவலர் விதானையார் கேட்டும் நீங்கள் பெயர் கொடுக்கவில்லையாம். கொடுங்கள் அம்மா. யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூளும் நான் கட்டின பழைய சாரமும் கொடுத்துவிடுங்கள்.

நேற்று அவள் புதுப் படிவம் தந்தாள். இரண்டு பேர் என்றுதான் எழுதினேன். போன் நம்பரில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிவிட்டேன்.

பஸ் வருகிறது.

மகன்,
சுகிர்தன்