படுதா மறைத்த பலகை

அக்கா,

இன்று காலை மட்டாஞ்சேரி ஜூ டவுன் மசாலாக் கடைத்தெரு வழியாக நடந்தபோது ஏதோ ஒரு கிடங்கிலிருந்து இஞ்சி வாடை வந்தது. வெளியே காய்ந்து, உள்ளே இன்னும் ஈரம் விடாத இஞ்சி. கால் அங்கேயே நின்றுவிட்டது. நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முழுவதும் கழிந்துவிட்டது.

மழையிலும் இஞ்சியைக் காயவைக்கும் டிரையர் செய்யப்போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது மட்டாஞ்சேரியில் சிரிக்காதவர்கள் குறைவு. தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டு பெண்கள், ஒரு வாடகைக் கொட்டகை, ஒரே ஒரு மாதிரி இயந்திரம். அரசின் ஆராய்ச்சி மானியம் கிடைத்ததால்தான் அதையே செய்து முடித்தோம். அவர்கள் ஆட்கள் வந்து சோதித்து, சரி என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆனால் மானியம் ஆராய்ச்சிக்கு மட்டும். டிரையர்களைச் செய்து விற்க வெளியாள் யாராவது முதல் போட வேண்டும். மழைக்கு முன் ஆள் கிடைக்காவிட்டால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டிய நிலை.

மானியம் பெற்றதைச் சொல்லும் தகரப் பலகையை வாசலில் மாட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மாட்டினீர்கள். முதல் போடுகிறவர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் அதன்மேல் படுதாவை இழுத்துவிடுவீர்கள். நகராட்சித் தொழிலாளியின் மகளாக, பள்ளியில் இலவச யூனிபார்முக்கு வரிசையில் நின்ற கூச்சம் உங்களை விட்டுப் போகவே இல்லை. "சர்க்கார் தயவுல நிக்கிற கம்பெனின்னு தெரிஞ்சா எவன் மோளே காசு போடுவான்?" என்பீர்கள், என்னை மகளாகவே அழைத்து. வந்தவர்களோ சாயா குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள்.

கடைசியாக வந்த எறணாகுளத்துக்காரர், கிளம்பும்போது, இதை வேறு யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்டார். நீங்கள் பதிலுக்கு இன்னொரு சாயா ஊற்றப் போனீர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே போய்ப் படுதாவை இழுத்துக் கீழே போட்டேன். அவர் பலகையைப் படித்தார், சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கினார், திரும்ப வந்து உட்கார்ந்தார். முதல் கிடைத்தது. இயந்திரத்தை ஒரு தடவைகூட ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை அந்த மனிதர்.

அன்று படகு ஜெட்டியில் காத்து நிற்கும்போது நீங்கள் உம்மென்று இருந்தீர்கள். பிழைத்தோம் என்று சந்தோஷப்படாமல் இதென்ன முகம் என்று எரிந்து விழுந்தேன். "அவங்க எழுதிக் கொடுக்கிறதுக்கு முன்னாடியும் இது இதே மெஷின்தானே" என்றீர்கள்.

இப்போது முதலீடு கேட்டு வருகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். அலுப்பான வேலை அக்கா. போன வாரம் கும்பளங்கியிலிருந்து ஒரு பெண், மீன் உலர்த்தும் பெட்டியோடு வந்தாள். அரசு மானியம் உண்டா என்றுதான் நானும் முதலில் கேட்டேன். இல்லை என்றாள். கூட இருந்த இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். எனக்கும் முதுகு வலி, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. ஜெட்டியில் அன்று பார்த்த உங்கள் முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. ஓட்டிக் காட்டு என்றேன்.

பெட்டி சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று தயங்கினாள். பரவாயில்லை, இருக்கிறேன் என்றேன்.